பளிங்குப் பூசணிகள்

அத்தியாயம் 17

முப்பத்தோராவது பூசணிக்காயைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. பிரேமலா எழுந்து பார்க்கவில்லை. பண்டார் தெங்காராவில் அவள் இருக்கும் தாமான் குடியிருப்பில் சனிக்கிழமை காலை கார்கள் வருவதும் போவதும் வழக்கம்தான். எதிர்வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். பக்கத்து வீட்டுக்கு மருமகன் வருவார். அவளைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

“அம்மா, கேட்டைத் திறங்க” என்ற குரல் கேட்ட பிறகுதான் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அபர்ணா நின்றிருந்தாள். தோழியின் காரில் வந்திருந்தாள். தோழிக்குக் கடைத்தெருவில் வேலை இருக்கிறதாம், இரண்டு மணிக்குத் திரும்ப வந்து அழைத்துப் போவாளாம். மூன்றரை மணிக்கு ஜொகூர் பாருவில் மருதாணி வைக்க ஆள் வருகிறதாம்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. மூன்றரை மணி நேரம் இருக்கிறது என்று பிரேமலாவின் மனம் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டது. மகள் வந்து நின்றால் முதலில் ஓடுவது அந்தக் கணக்குத்தான்.

இருபத்தாறு வயது மகளுக்கு நாளை நிச்சயதார்த்தம். கூலாயில் கோயில் மண்டபம், இருபது மேசை, மாப்பிள்ளை ரூபேந்திரன். மேசைக்கு இரண்டாக நாற்பது குட்டிப் பூசணிக்காய்கள் அலங்காரத்துக்கு வேண்டும் என்பது அபர்ணாவின் ஆசை. சிங்கப்பூரில் நகம் அழகுபடுத்தும் கடையில் வேலை செய்கிற பெண். கடையில் ஓடாமல் நின்றுபோன நகப்பூச்சு நிறங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பி, எப்படிச் செய்வது என்று போனிலேயே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ரூபேந்திரனை வளர்த்த பெரியம்மா ராசம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. திருஷ்டி கழித்து உடைக்கிற காயை நல்ல காரியத்தில் மேசைமேல் வைப்பதா என்று கேட்டார். அது வெள்ளைப் பூசணி பெரியம்மா, இது சாம்பாருக்குப் போடுகிற பூசணி என்று ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டான்.

அவனால் சமாளிக்க முடியாதது இன்னொன்று இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று தட்டு மாற்ற வேண்டும் என்று ராசம்மா போன வாரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், வர முடியாது என்றாள் பிரேமலா. பன்னிரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வரும் பதில் அது.

உண்மையில் கணவன் ஜெயபாலன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனான். மாலையில் லோரியைக் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டுப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. என்னைத் தேடாதே என்றான். ஏன் என்று சொல்லவில்லை. அபர்ணாவுக்கு அப்போது பதினான்கு வயது.

“ஒன்னு சொல்லணும்மா, நேர்ல வந்து சொல்றேன்” என்று அபர்ணா வியாழக்கிழமை போனில் சொன்னதிலிருந்து பிரேமலா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வந்தவள் கைப்பையைச் சோபாவில் போட்டுவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே பழைய ரொட்டித் தட்டுகளில், கவிழ்த்த கிண்ணங்களின் மேல், முப்பது பூசணிக்காய்கள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைச் சாயத்தின் மேல் மயில்நீலமும் பொன்னும் ஓடி, பளிங்கைச் செதுக்கி வைத்தது போல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தது. அபர்ணா குனிந்து ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாங்கள் நகத்தில் போடுவதைவிட நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

பிரேமலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதலில் ஆறு காய் வீணானதை அவள் சொல்லவில்லை. வேலை செய்யும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறையைச் சோதித்து எடுத்து எடுத்து ஓய்ந்த கை, வீட்டுக்கு வந்ததும் இந்த வேலைக்கு மட்டும் எப்படியோ எழுந்துகொண்டது. இந்த ஒரு வாரமாகச் சாயங்காலம் கதவைத் திறந்தால் வீட்டில் ஏதோ காத்திருப்பதுபோல் இருந்தது. காய்ந்த காயை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். மொத்தமாக அனுப்பியிருக்கலாம். தனித்தனியாக அனுப்பினால் தனித்தனியாகப் பதில் வருமே.

இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. காற்றுப் பட்டால் தண்ணீர்மேல் விடுகிற நகப்பூச்சு அரை நிமிஷத்தில் ஆடை கட்டிவிடும். பின்கதவு திறந்திருந்தும் வெக்கை நகரவில்லை. பூச்சின் நெடி மூக்கில் ஏறியது.

அபர்ணா நீலத்தை விட்டாள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வட்டமாக விரிந்தது. அதன் நடுவில் பிரேமலா பொன்னை விட்டாள். அதற்குள் வெள்ளை, மறுபடி நீலம். இறைச்சி கோக்கும் சாத்தே குச்சியின் நுனியால் நடுவிலிருந்து வெளியே நான்கு இழுப்பு. உடனே காம்பைப் பிடித்துக் காயைச் சாய்த்து இறக்கி, உருட்டினாற்போல் திருப்ப வேண்டும். மிச்சமாக மிதக்கும் ஆடையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு வெளியே எடுக்க வேண்டும். ஒருத்தி சொட்டு விட, ஒருத்தி முக்க, வேலை மளமளவென்று நடந்தது. பேசாமலே ஒருவர் கை ஒருவருக்குப் புரிந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இறால் சம்பல் வைத்திருக்கிறேன் என்றாள் பிரேமலா. சரி என்றாள் அபர்ணா. நாளைக்கு எந்தச் சேலை என்று கேட்டாள் பிரேமலா. மகள் அதற்கும் ஏதோ சொன்னாள். குரலில் உயிரில்லை.

முப்பத்தைந்தாவது காய் பிரேமலாவின் கையில் பாதி தண்ணீருக்குள் இருந்தபோது அபர்ணா சொன்னாள்.

“அம்மா, அப்பா நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்.”

பிரேமலாவுக்கு முதலில் ‘எந்த அப்பா’ என்றுதான் தோன்றியது. ரூபேந்திரனின் அப்பா இறந்து பல வருஷமாகிறதே என்று நினைத்தாள். பிறகு கை அப்படியே நின்றுபோனது.

“எங்கேருந்து?”

“கோத்தா திங்கியிலேருந்து.”

முக்கால் மணி நேரப் பயணம். பிரேமலா அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அருவிக்கு, துணிக்கடைக்கு, தொழிற்சாலைத் தோழியின் மகள் கல்யாணத்துக்கு.

அபர்ணா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்கெங்கோ சுற்றிவிட்டு அவர் கோத்தா திங்கிக்கு வந்து நான்கு வருஷமாகிறதாம். டயர் கடையில் வேலை. ஆற்றோரம் ஒரு பலகை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், வேறு குடும்பம் எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அபர்ணாவின் பிறந்தநாளன்று ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அவள் தேடிக்கொண்டு போனாள். அதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

“எப்போ போவ?”

அபர்ணா சாத்தே குச்சியைத் துடைத்தாள்.

“உனக்குத்தான் லீவே கிடைக்காதே. எப்போ போவ?”

“ஞாயித்துக்கிழமை.”

தண்ணீரில் மிதந்த நிறங்கள் இறுகிவிட்டன. பிரேமலா காயைத் தூக்கியபோது ஆறிய பாலின் ஆடைபோல் சுருங்கிச் சுருங்கி ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதை ஓரமாக வைத்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

ஜெயபாலன் உயிரோடிருப்பது, பக்கத்திலிருப்பது எல்லாம் ஒரு பக்கம் இருந்தது. அதெல்லாம் பிறகு வரட்டும். அவள் மனம் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு லீவு. விடியற்காலையிலேயே யூனிபார்மைத் துவைத்துப் போடுவாள். ஒருவேளை வந்துவிட்டால் என்று இரண்டு பேருக்குச் சமைப்பாள். பன்னிரண்டு மணிக்கு, இன்றைக்கும் ஷிப்ட்தான் அம்மா, கடையில் கூட்டம் என்று செய்தி வரும். ஒரு பங்கை டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வைப்பாள். புதன்கிழமை வரைக்கும் அதே குழம்புதான்.

“நான் டெங்கியில படுத்திருந்தேனே. அந்த ஞாயிறும் அங்கதான் இருந்தியா?”

“ஆமாம்மா. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு எனக்கு மறுநாள்தான் தெரியும். நீங்க சொல்லவே இல்லையே.”

“வேலை நேரத்துல உன்னை ஏன் பயமுறுத்தணும்னு சொல்லல.”

வெளியே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடும் சத்தம் கேட்டது.

பிரேமலா அழவில்லை. அவர் அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சமைப்பேன் என்று அபர்ணா சொன்னாள். மகளுக்குச் சமைக்கத் தெரியும் என்பதே பிரேமலாவுக்குத் தெரியாது. இந்த வீட்டில் அவள் அடுப்புப் பக்கம் வந்ததில்லை, வரவிட்டதும் இல்லை. ஏன் அப்படிப் போனார் என்று சொன்னாரா என்று கேட்டாள். எத்தனையோ தடவை கேட்டேன், அதை மட்டும் கேட்காதே என்கிறார் என்றாள் அபர்ணா. வேறு யாருக்குத் தெரியும் என்றும் பிரேமலா கேட்டாள். ரூபேந்திரனுக்கு மட்டும், வசந்தன் மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்று மகள் தன் தலையில் கை வைத்துச் சத்தியமாகச் சொன்னாள்.

“ரெண்டு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அபர்ணா வெகுநேரம் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“இங்க வந்தா, நான் எப்போ கிளம்புவேன்னு நீங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பீங்கம்மா. உள்ள நுழைஞ்ச உடனே பார்ப்பீங்க. எனக்கு மூச்சு முட்டும். அங்க யாரும் என்னை அப்படிப் பார்க்கல. போனா ஒரு டீ குடிச்சிட்டு, எதையாவது சமைச்சு வெச்சிட்டு வந்துடுவேன். அவ்வளவுதான். உங்களைவிட அவர் பெருசுன்னு போகல.”

பிரேமலாவின் கண் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நீங்கள் வேண்டாம் என்றால் அவர் வரமாட்டார், அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றாள் அபர்ணா. அவர் வரவில்லையென்றாலும் நிச்சயதார்த்தம் நிற்காது, ரூபேந்திரன் தன் பெரியம்மாவிடம் பேசிக்கொள்வான். ஆனால் அவர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. எதுவானாலும் இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள்.

பிரேமலா பேசினில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் பிடித்து வந்தாள். இன்னும் ஐந்து இருக்கிறது, முடித்துவிடலாம் என்றாள்.

முடித்தார்கள். கெட்டுப்போனதைத் துடைத்து வெள்ளையடித்து மறுபடி முக்குவதற்கு நேரம் இல்லை. ஒரு மேசையில் ஒன்றுதான் இருக்கும், பரவாயில்லை என்றாள் அபர்ணா. இறால் சம்பலைப் போட்டுச் சாப்பிட்டாள், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். இரண்டு மணிக்குத் தோழி ஹாரன் அடித்தபோது, கேட்டருகே நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தலைமுடியில் பூச்சின் நெடி அடித்தது. பிரேமலா ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோத்தா திங்கி வீட்டின் முகவரி. அபர்ணா அதைப் போனில் அனுப்பிவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் மூலை திரும்பிய பிறகும் பிரேமலா அங்கேயே நின்றாள். வழக்கமாக மகள் போனால் உள்ளே போய் அவள் குடித்த கோப்பையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். இன்று நேராக உள்ளே போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.

மூன்றரை மணிக்கு வசந்தன் வந்தான். பிரேமலாவுக்கு நான்கு வயது இளைய தம்பி. செடெனாக்கில் குடும்பத்தோடு இருக்கிறான். தேங்காய் மொத்த வியாபாரம், சொந்த வேன். ஜெயபாலன் போன பிறகு இந்த வீட்டுக்கு ஆண்துணை என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். குழாய் உடைந்தால் வருவான், அபர்ணாவின் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட வருவான். பூசணிக்காய்களைக் கூலாய் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவதற்காக வந்திருந்தான்.

காய்களைப் பழைய நாளிதழில் சுற்றி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, வேனின் பின்னால் ஏற்றினார்கள். என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். நெடியில் தலைவலி என்றாள். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். கூலாய்க்குப் போவதற்கு முன் கோத்தா திங்கிக்குப் போக வேண்டும்.

வசந்தன் சாவியைத் திருகாமல் அவளைப் பார்த்தான்.

“இப்பவா? அது அந்தப் பக்கம்லா. எதுக்குக்கா?”

“ஒரு ஆளைப் பார்க்கணும்.”

யாரை என்று அவன் கேட்கவில்லை. வேனைக் கிளப்பினான்.

நாளைக்கு இருநூறு பேர் முன்னால் முதன்முதலாக அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியாது. அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வரச் சொல்லப் போகிறாளா, வராதே என்று சொல்லப் போகிறாளா, அது தெரியவில்லை. பார்த்தால் தெரியும் என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் செம்பனை முடிவில்லாமல் ஓடியது. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே விலகியது. வளைவுகளில் பின்னால் பெட்டிகள் லேசாக நகர்ந்தன. வசந்தன் வழக்கமாக வானொலியைப் போட்டுப் பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டே ஓட்டுவான். இன்று அதைத் தொடவில்லை. தன் முகத்தைப் பார்த்துத்தான் சும்மா இருக்கிறான் என்று பிரேமலாவுக்குத் தம்பிமேல் பாசமாக இருந்தது. எல்லாம் போனாலும் இவன் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இவனிடமாவது சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். அழுதுவிடுவோம் என்ற பயத்தில் விட்டுவிட்டாள்.

கோத்தா திங்கி ஊருக்குள் நுழையும்போது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பாலத்தைத் தாண்டினார்கள். கடைவரிசை முடிந்தது. வசந்தன் சிக்னலில் இடதுபக்கம் திரும்பினான். தேவாலயத்தைக் கடந்து, ஒரு சின்னப் பாதையில் இறங்கி, மறுபடி வலதுபக்கம் ஆற்றை ஒட்டித் திரும்பினான். பாதை குறுகி, இரண்டு பக்கமும் பலகை வீடுகள் வந்தன. போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு சுவர்களில் இடுப்பு உயரத்துக்குத் தெரிந்தது.

வழி சொல்ல வேண்டுமே என்று பிரேமலா போனைத் திறந்து மகள் அனுப்பிய முகவரியைத் தேடினாள். தேடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவனிடம் கோத்தா திங்கி என்று மட்டும்தான் சொன்னாள். தெருப் பெயரைச் சொல்லவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்பதையே சொல்லவில்லை.

வேன் நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன் நின்றது. பிரேமலா போனைப் பார்த்தாள். கதவின் எண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன.

மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்று அபர்ணா தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. இவனுக்கு வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது யாரும் சொல்லத் தேவையே இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

“எத்தனை வருஷமாடா?” என்றாள்.

வசந்தன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை.

“அக்கா, வேணாம். திரும்பிப் போயிடலாம்.”

அதற்குள் வேன் சத்தம் கேட்டு நீலக் கதவு திறந்தது. முடி முழுக்க நரைத்த ஒரு மனிதன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வந்தான். நடை மாறவில்லை. அந்த நடையை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மாலை வெயில் வேன் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால் முன்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வழக்கமாக வருகிற ஆளைப் பார்த்ததுபோல் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான்.

“என்ன மச்சான், செவ்வாய்க்கிழமைதானே வருவ?”

பிரேமலா தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.